பொங்கல் சீரில் போன புளூபெர்ரி

எந்த ஊரிலாவது வீட்டு ஓனர், வாடகைக்கு இருப்பவரை வழிமறித்து, "ஏன் ஏசிய அமத்துனீங்க?" என்று சண்டை போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? மதுரையில் நான் பட்டிருக்கிறேன். காலை ஒன்பதே காலுக்கு, ஒரு கையில் டிபன் பாக்ஸும் மறு கையில் குடையுமாக பஸ்ஸுக்கு ஓடும்போது பட்டிருக்கிறேன். பூமியில் இப்படி ஒரு காரணத்துக்காகக் குடித்தனக்காரியோடு மல்லுக்கு நின்ற ஒரே மனிதர் எங்கள் லிட்மஸ் அண்ணன்தான். இன்னொருவர் இருப்பதாகத் தெரிந்தால் தயவுசெய்து எனக்கு எழுதாதீர்கள். ஒருத்தரையே சமாளிக்க முடியவில்லை.

இன்சூரன்ஸ் கம்பெனி வேலையில் மாற்றலாகி மதுரைக்கு வந்தேன். கணவருக்கு வேலை வெளியூரில். திருமங்கலம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு காலனித் தெருவில் மாடி போர்ஷன் காலி என்றார்கள். வெஜ்ஜா நான்வெஜ்ஜா, எத்தனை பேர், விருந்தாளி வருவார்களா என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் தயார் செய்துகொண்டு போனேன். கேட்டைத் திறந்தவர் ஒல்லியாக, பனியனும் மடித்துக் கட்டிய லுங்கியுமாக இருந்தார். கேட்டது ஒரே கேள்வி.

"ஏசி வச்சிருக்கீங்களாம்மா?"

கரண்டுக்குப் பயப்படுகிறார் என்று நினைத்து, "இருக்குண்ணே. ஆனா அதிகமாப் போட மாட்டேன்" என்றேன், நல்ல பிள்ளையாக.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "ஏன் போட மாட்டீங்க? மதுர வெயிலுக்கு ஏசி போடாம மனுசன் எப்படி இருப்பான்? தெனமும் போடணும். ஞாயித்துக்கெழம பகல்லயும் போடணும். சம்மதம்னா சொல்லுங்க, இப்பவே சாவியத் தாரேன்."

இப்படி ஒரு தங்கமான ஓனரா என்று பூரித்துப்போய்ச் சாவியை வாங்கினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மறுநாளே விஷயம் தெரிந்தது. என் ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டும் குழாயில் இன்னொரு குழாயை மாட்டி, சுவரோடு இறக்கி, கீழே ஒரு நீல டிரம்முக்குள் விட்டிருந்தார். டிரம்முக்குப் பக்கத்தில் பெரிய தொட்டியில் ஒரு செடி. நெஞ்சு உயரம், சாம்பல் பூத்த பச்சை இலை. பார்ப்பதற்கு ரோட்டோரம் தானாக முளைத்த ஏதோ ஒன்று போலத்தான் இருந்தது.

"புளூபெர்ரி!" என்றார், பெற்ற பிள்ளையை அறிமுகப்படுத்துவது மாதிரி. "அதுலயும் ரேபிட்ஐ ரகம். காயி பழுக்கறதுக்கு முன்னாடி முயல் கண்ணு கணக்கா செவந்து வருமாம். புளூபெர்ரிலயே வெக்க தாங்குற சாதி இது ஒண்ணுதான்."

"எப்பண்ணே காய்க்கும்?"

"அதத்தான் அஞ்சு வருசமா நானும் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

அந்தச் செடிக்குப் புளிப்பு மண் வேண்டும். எங்கள் காலனி போர் தண்ணீரோ, சோப்புப் போட்டால் நுரைக்காத உப்புத் தண்ணீர். ஒரு வாரம் ஊற்றினால் இலையெல்லாம் மஞ்சளாகிவிடும். மழைத் தண்ணீர் ஊற்றலாம், மழை பெய்தால். ஆகவே உப்பில்லாத ஏசித் தண்ணீர்தான் அதற்குத் தாய்ப்பால். இதற்காகத் தெருவில் ஏசி உள்ள ஏழு வீட்டுக்கும் வாளியோடு போவார். "மதினி, வெயில் கொல்லுது, சின்னப் பிள்ளைக வேற இருக்கு, ஏசியப் போட்டு விடுங்க" என்று அக்கறையாகப் பேசுவார். பிள்ளைகள் மேல் என்ன பாசம் என்று புதிதாகக் குடிவந்தவர்கள் மட்டும் நம்புவார்கள்.

லிட்மஸ் என்ற பேர் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு காலேஜின் கெமிஸ்ட்ரி லேபில் உதவியாளராக இருந்து ரிட்டையர் ஆனவர். சட்டைப் பையில் எப்போதும் நீலத்தில் ஒரு கட்டு, சிவப்பில் ஒரு கட்டு லிட்மஸ் தாள் இருக்கும். புளிப்பில் முக்கினால் நீலத் தாள் சிவக்கும். காரத்தில் முக்கினால், அதாவது சோடா, சோப்பு மாதிரி சமாச்சாரங்களில், சிவப்புத் தாள் நீலமாகும். செடிக்கு ஊற்றும் தண்ணீரைச் சோதிக்க ஆரம்பித்த மனிதர் அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. கல்யாணப் பந்தியில் ரசத்தில் முக்கி, "அருமையான புளிப்பு!" என்று இலையோடு எழுந்து நின்று அறிவித்திருக்கிறார். தெருமுனை டீக்கடைக்காரர் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார்: "அண்ணே, ஒனக்கு டீ வேணுமா, ரிசல்ட் வேணுமா?"

செடிக்கான காரியங்கள் எதிலும் நாங்கள் தப்பிக்க முடியாது. கொடைக்கானல் டூர் போகிறவர்கள் சாக்லேட்டும் தைலமும் வாங்கி வருவார்கள். எங்கள் தெருக்காரர்கள் மட்டும் பைன் மரச் சருகு அள்ளிக்கொண்டு வருவார்கள். அது மட்கினால் மண் புளிக்குமாம். நானும் ஆபீஸ் டூரில் போய் ஒரு சாக்கு அள்ளினேன். வழியில் செக்போஸ்ட்டில் சாக்கைப் பிரித்த காவலர் உள்ளே கையை விட்டுத் துழாவினார், மோந்து பார்த்தார், என்னையும் மேலும் கீழும் பார்த்தார். "சருகுதான் சார்" என்றேன். "அது தெரியுதும்மா, எதுக்கு?" என்றார். என் மேனேஜர் முன்னால் அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத மாட்டேன்.

மார்கழி வந்தது. ரேபிட்ஐ வெக்கை தாங்கும், ஆனால் பூப்பதற்கு முன் சில நூறு மணி நேரம் நல்ல குளிரும் வேண்டும் என்றார். மதுரையில் குளிருக்கு எங்கே போவது? தொட்டிக்கு அடியில் சக்கரம் மாட்டி, நாலு பேரைப் பிடித்துத் தூக்கி, மாடியில் என் படுக்கையறைக்குக் கொண்டு வந்துவிட்டார்.

"அண்ணே, இது என் பெட்ரூம்!"

"தெரியும்மா. நீங்க ஹால்ல படுத்துக்கங்க. ஏழு டிகிரி வேணும். ஒங்க ஏசில பதினாறுதான் வருது. மிச்சம் ஒம்பது டிகிரிய ஐஸ்ல புடிச்சிருவோம்."

ஐஸ் பேக்டரியிலிருந்து தினமும் ஒரு பார் ஐஸ் வந்து தொட்டியைச் சுற்றி அடுக்கப்பட்டது. நாற்பத்தைந்து நாள் நான் ஹாலில் பாயில் கிடந்தேன். கணவர் போனில், "வீட்டுல வேற யாரும் இருக்காங்களா?" என்று ஒரு மாதிரி கேட்டார். "ஒரு செடி இருக்கு" என்றேன். அவர் நம்பவே இல்லை.

தொட்டியை மறுபடி கீழே இறக்கி வைத்தபின், மாசியில் பூத்தது! வெள்ளை வெளேரென்று, கவிழ்த்த குட்டிக் குடங்கள் போலக் கொத்துக் கொத்தாக. அன்று லிட்மஸ் அண்ணன் தெரு முழுக்கக் கேசரி கொடுத்தார். பத்தே நாளில் எல்லாப் பூவும் உதிர்ந்தது. ஒரு பிஞ்சு இல்லை. அதற்கு முந்தின இரண்டு வருடமும் ஏதோ நாலைந்து பூ பூத்து இதே கதிதானாம். அவர் செடியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். சாப்பிடக்கூட உட்காரவில்லை, தட்டோடு நடந்தார். மேலே எனக்கும் அந்தச் செருப்புச் சத்தம் கேட்டுக் கேட்டு ஒரு வேலையும் ஓடவில்லை.

பொறுக்க முடியாமல் இறங்கிப் போய், "செடியோட வந்த பேப்பர் எதுவும் இருந்தாக் குடுங்கண்ணே" என்று வாங்கிப் பார்த்தேன். வளர்க்கும் முறை வரிசையாக அச்சடித்திருந்தது. எல்லாவற்றுக்கும் டிக் போட்டிருந்தார். நான் தாளைத் திருப்பினேன். பின்பக்கம் ஒரே ஒரு வரி: இந்த ரகம் தன் மகரந்தத்தால் தானே காய்க்காது, அனுப்பியுள்ள இரண்டு வெவ்வேறு ரகச் செடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவும்.

"அண்ணே, ரெண்டு செடியா வந்துச்சு?"

லிட்மஸ் அண்ணன் அப்படியே நின்றுவிட்டார். முப்பது வருடம் லேபில் பிள்ளைகளை, "பின்பக்கம் பாருடா!" என்று விரட்டிய மனிதர் அவர்.

"இன்னொண்ணு எங்கண்ணே?"

"சீர் குடுத்துட்டேம்மா" என்றார்.

கல்யாணம் செய்துகொள்ளாத அவருக்கு உறவென்று இருப்பது வாடிப்பட்டியில் கட்டிக் கொடுத்த ஒரே தங்கை பாண்டியம்மாள்தான். வீட்டுக்கு எது ஜோடியாக வந்தாலும் ஒன்று கூடப் பிறந்தவளுக்கு. அது அவர் வழக்கம். குக்கர் இரண்டு வாங்கினால் ஒன்று அங்கே. போர்வை இரண்டு வாங்கினால் ஒன்று அங்கே. செடி வந்தது தை மாதம். கரும்பு, பானை, மஞ்சள் கொத்தோடு ஒரு புளூபெர்ரியையும் பொங்கல் சீராகத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். முன்பக்கத்துப் பாடம் முழுவதையும் தன் கையால் எழுதி அதோடு வைத்தாராம்.

"அம்புட்டுத்தானே? போன் பண்ணிக் கேளுங்க" என்றேன்.

"குடுத்த சீரத் திருப்பிக் கேக்கவா? நாக்கப் புடுங்கிக்கிட்டுச் சாகலாம்!"

"செடியக் கேக்க வேணாம். பூவுல இருக்க தூள மட்டும் கேளுங்க."

"சீர்ல பாதி என்ன, முழுசு என்ன? அதுவும் போக, அவ எங்கூடப் பேசி மூணு வருசம் ஆச்சு."

புதிய செடி வாங்கித் தீர்த்துவிடலாம் என்று கிளம்பினார். ஆன்லைனில் ஒன்று வரவழைத்தார். பெட்டியைத் திறந்தால் விறகு. இன்னொன்று பச்சைப் பசேலென்று வந்தது. ஆறு மாதம் சீராட்டி வளர்த்தார். கீழக்குயில்குடிப் பக்கமிருந்து வரும் பால்காரம்மா பார்த்துவிட்டு, "எதுக்குண்ணே களாச் செடிய ஏசித் தண்ணி ஊத்தி வளக்குறீங்க? எங்க ஊரு மலையடியில சும்மாக் கெடக்குது" என்று கேட்டபோதுதான் அதில் முள் இருப்பதையே கவனித்தார். அதற்குள் அடுத்த மார்கழியும் வந்து, நான் மறுபடி ஹாலில் பாய் விரித்து, மாசியில் மறுபடி பூத்துவிட்டது.

பூ நிற்பது பத்தே நாள். மூன்றாம் நாள் காலையில் லிட்மஸ் அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என் வாசலில் நின்றார்.

"லீவு போடுங்கம்மா. வாடிப்பட்டி போறோம்."

"கேக்கப் போறீங்களா?"

"இல்ல. எடுக்கப் போறோம்."

ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினோம். திட்டத்தை விளக்கினார். புளூபெர்ரிப் பூவில் மகரந்தம் லேசில் உதிராது; வண்டு வந்து பூவைப் பிடித்துக்கொண்டு ரீங்காரம் போட்டு உலுக்க வேண்டும். அந்த வண்டு வேலையை அவருடைய செல்போன் செய்யும். போனைப் பூக்கொத்தில் ஒட்டி வைத்துக்கொண்டு, கீழே கறுப்புத் தாள் பிடிப்பார். நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் போன் அதிர்ந்து தூள் கொட்டும். பதினோரு மணிக்கு மாப்பிள்ளை, அதாவது தங்கையின் கணவர், மாட்டுத் தீவனம் வாங்கக் கிளம்பிவிடுவார். நான் முன்வாசலில் போய்த் தங்கையிடம் இன்சூரன்ஸ் பேச வேண்டும். அந்த நேரத்தில் அவர் பின்பக்கம் நுழைவார்.

"களவாணித்தனம் பண்ண என்னையக் கூட்டிட்டுப் போறீங்க" என்றேன். உண்மையிலேயே எனக்குக் கோபம். "அப்படி என்னதான் சண்டை, தங்கச்சிகிட்ட நேராப் பேச முடியாம?"

சமயநல்லூர் தாண்டியதும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மாப்பிள்ளைக்குப் பால் பண்ணை. நாலு வருடம் முன்பு புது வீடு கட்டிப் பால் காய்ச்சினார்கள். சொந்த மாட்டுப் பால், சொந்தபந்தம் அத்தனை பேரும் சுற்றி நிற்கிறார்கள். இவர் பையிலிருந்து சிவப்புத் தாளை எடுத்துப் பானைப் பாலில் முக்கினார். நீலமாகிவிட்டது. "சோடா கலந்த பாலு!" என்று கத்திவிட்டார். மாப்பிள்ளை, "இனி இந்த வாசப்படிய மிதிக்காதீங்க மச்சான்" என்றார். தங்கை உள்ளே போய்விட்டாள்.

"பால்ல சோடா இருந்துச்சா?"

"பால்ல ஒண்ணுமில்லம்மா. புதுப் பானையச் சோப்புப் பவுடர் போட்டு வெளக்கிட்டுச் சரியா அலசல. ரெண்டாம் நாளு எங்க வீட்டுப் பாத்திரத்துல அதே மாதிரி செஞ்சு பாத்தேன். நீலம். நாலு வருசமா அந்த ஒரு வார்த்தையச் சொல்ல எனக்கு வாயி வரல. நாளாக நாளாக இன்னும் வரல."

எனக்கு அவரை இரண்டு அடி போடலாமா, சேர்ந்து அழலாமா என்று தெரியவில்லை. இரண்டும் செய்யாமல் இறங்கினோம்.

பாண்டியம்மாள் என்னை உட்கார வைத்து மோர் கொடுத்தார். நான் கணவன் மனைவி கூட்டுப் பாலிசியைப் பற்றிப் பேசிக்கொண்டே, முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்த போனில் லிட்மஸ் அண்ணன் நம்பரை அழுத்தினேன்.

வீட்டுக்குப் பின்னாலிருந்து கெட்டிமேளம் கேட்டது.

அதிர்வில் மட்டும் வைக்க வேண்டிய போனை அந்த மனிதர் முழுச் சத்தத்தில் வைத்திருக்கிறார். பதறிப்போய்க் கட் செய்தேன். மேளம் நின்றது. போனை முந்தானைக்குள் திணித்ததில் விரல் மறுபடி பட்டுவிட்டது. மறுபடி மேளம்.

பாண்டியம்மாள் தலையைச் சாய்த்துக் கேட்டார். முகம் மாறியது. "இது எங்கண்ணன் போனுல்ல? இந்த மேளத்த நாந்தேன் வச்சுக் குடுத்தேன்" என்று சொல்லிக்கொண்டே எழுந்து பின்பக்கம் ஓடினார். நானும் ஓடினேன்.

செடிக்கு அடியில் லிட்மஸ் அண்ணன் குத்துக்காலிட்டு, போனைப் பூவோடு சேர்த்துப் பிடித்தபடி இருந்தார்.

"என்னண்ணே பண்ற?"

"ஒண்ணுமில்ல பாண்டி. ஒரு போனு வந்துச்சு."

எனக்கு வந்த சிரிப்பைப் பல்லைக் கடித்து அடக்கினேன். அப்போதுதான் அந்தச் செடியைப் பார்த்தேன். இவர் செடியைவிட ஒரு முழம் உயரம், கிளை தெரியாமல் பூ. பக்கத்துச் சுவரில், மழை படாமல் பிளாஸ்டிக் தாளில் பொதிந்து ஒட்டிய ஒரு காகிதம். நுணுக்கி நுணுக்கி எழுதிய அவருடைய கையெழுத்து. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் கரிக்கட்டியில் கோடு போட்டிருந்தது.

"நீ எழுதிக் குடுத்தபடித்தேன் எல்லாம் செய்யிறேன்" என்றார் பாண்டியம்மாள். "மழத் தண்ணியத்தேன் புடிச்சு வச்சு ஊத்துறேன். மார்கழியானா பாலு குளிர வைக்கிற ரூமுக்குள்ள தூக்கி வைக்கச் சொல்லி இவுகளப் போட்டுப் படுத்துறேன். பூவாப் பூக்குது, ஒரு காயி நிக்க மாட்டேங்குது. நீ மனசு சடச்சுக்கிட்டுப் போனதுதேன் இப்படிக் காய்க்காமப் போச்சுன்னு நெனச்சேன்."

"நான் எங்க சடச்சேன், தாயி!" என்று எழப் பார்த்து, முடியாமல், அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "பால்ல தப்பே இல்ல. பானையில சோப்பு. ரெண்டாம் நாளே தெரிஞ்சுபோச்சு. ஊருக்கு முன்னாடி ஒன்னைய அசிங்கப்படுத்திட்டேன்."

பாண்டியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கிட்டே வந்து அண்ணன் முதுகில் படார் படாரென்று நாலு அறை வைத்தார். "இதச் சொல்ல நாலு வருசமா? நாலு பொங்கலு! வருசா வருசம் வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தேனே, பாவி மனுசா!" நாலாவது அறையில் அவரும் மண்ணில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார்.

இந்த நேரம் பார்த்துத் தீவன மூட்டையோடு மாப்பிள்ளை வந்து நின்றார். அழுகிற இருவரையும், தள்ளி நின்று மூக்கைச் சிந்தும் முன்பின் தெரியாத என்னையும் பார்த்தார். மனைவி விம்மலுக்கு நடுவே விஷயத்தைச் சொன்னார். மாப்பிள்ளை மூட்டையை இறக்கி, துண்டை உதறித் தோளில் போட்டார்.

"மச்சானுக்குக் காப்பி போடு" என்றார். "பாத்திரத்த நல்லா அலசிட்டுப் போடு."

செடி விவகாரம் அதற்குப் பிறகும் லேசில் முடியவில்லை. பாண்டியம்மாள், "குடுத்த சீரத் தர மாட்டேன்" என்றார். "நான் கேக்கவே இல்லையே!" என்றார் லிட்மஸ் அண்ணன். கடைசியில் மாப்பிள்ளைதான் வழி சொன்னார்: "ரெண்டும் ஒரே எடத்துல இருக்கணும்னா, அந்தச் செடியையும் இங்க கொண்டாங்க மச்சான்." மறுநாளே லோடு ஆட்டோ வந்தது. இரண்டு வருடம் என் படுக்கையறையை எடுத்துக்கொண்ட செடி, பூ உதிராமல் வேட்டி சுற்றி, வெற்றிலை பாக்குத் தட்டோடு வாடிப்பட்டிக்குச் சீராகக் கிளம்பியது. தெருவே வாசலில் நின்று வழியனுப்பியது. சனியன் தொலைந்தது என்று நினைத்திருந்த எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஆனியில் பழுத்தது. ஒரு சம்புடத்தில் எனக்குப் பத்துப் பழம் கொண்டு வந்து, நான் மெல்லுவதையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளதைச் சொன்னால், அதற்குக் களாப்பழமே தேவலை. "தேனாட்டம் இருக்குண்ணே" என்றேன்.

இப்போது அவர் காலையில் வாடிப்பட்டி பஸ் ஏறினால் சாயங்காலம்தான் திரும்புகிறார். பகலில் கீழே செருப்புச் சத்தம் இல்லை, யாரும் என்னை வழிமறிப்பதில்லை. எனக்கு என்னவோ கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஐந்து மணியானால் பாண்டியம்மாள் தவறாமல் எனக்குப் போன் செய்வார்: "அண்ணன் பஸ் ஏறிருச்சு தாயி. வந்து சேந்ததும் ஒரு வார்த்த சொல்லிரு." பஸ் பத்து நிமிடம் பிந்தினாலும் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. கேட்டுக்கும் தெருமுனைக்குமாக நடக்கிறேன். புதிதாகக் குடிவந்த எதிர்வீட்டுப் பெண் நேற்று, "யாருக்காகக்கா நிக்கிறீங்க?" என்று கேட்டாள். ஓனர் என்று சொல்லியிருக்கலாம். "எங்கண்ணனுக்காக" என்றேன்.